கோதண்டபாணியின் கண்ணாடிக் கிளிப்பு

நாற்பத்தெட்டு வயதில் அழகாகிவிடுவது என்று கோதண்டபாணி முடிவெடுத்தார். மனைவிக்குக்கூடத் தெரியாமல்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. விழுப்புரத்தில் அவர் வேலை பார்த்த ஆபீசில் பிரிவு உபசார விழா. நாற்பது பேர் முன்னால் போட்டோகிராபர் கத்தினான்.

"ஓரத்துல நிக்கிற சார், கொஞ்சம் வாய மூடிக்குங்க!"

வாய் மூடித்தான் இருந்தது. முன்பற்கள் இரண்டும்தான் வெளியே நின்றன. அன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் தலை நிமிரவே இல்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் அப்பன் பல்லுக்குக் கிளிப்பு போட்டால் ஊர் சிரிக்கும். போதாததற்கு ஊரில் எல்லோருக்கும் பல் நேராக இருக்கிறது. ஆகவே, "ஆபீஸ் பைல் விஷயம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார்.

டாக்டர் இளவரசி கண்ணாடி போன்ற ஓர் உறையைப் பல்லில் மாட்டினார். "கிட்ட வந்து பாத்தாலும் தெரியாது சார். சாப்பிட, பல் தேய்க்க மட்டும் கழட்டுங்க. புதுசு மாத்துறப்பல்லாம் பேச்சு கொஞ்சம் குழறும்."

தெரியத்தான் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் சோறு 'ஷோறு' ஆனது. தொண்டைக் கட்டு என்று மனைவி பிரபாவதிக்குச் சீட்டில் எழுதிக் காட்டினார். எழுதும்போதே கூசியது.

"மிளகு ரசம் வெக்கட்டுங்களா?"

"ம்."

"மல்லாட்டை வறுத்திருக்கேன், தின்றீங்களா?"

"ம்ஹூம்."

"மாடி ரூம்பு சும்மாதானே கெடக்குது? நான் தையல் கிளாஸ் நடத்திக்கட்டுங்களா?"

மாடியில் சும்மா கிடந்தது அவர்தான். ஞாயிறு முழுக்க, சாய்வு நாற்காலியில். 'சத்தியமா முடியாது' என்று சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வோம் என்று பட்டது.

"ம்?" என்று இழுத்தார்.

கேள்விக்குறியை பிரபாவதி கண்டுகொள்ளவில்லை. "தங்கமான மனுசங்க நீங்க!"

மறுவாரம் மூன்று மெஷின் மாடி ஏறியது. சாய்வு நாற்காலி இறங்கியது. பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஆம்பள சட்டைக்கு அளவெடுக்கப் பழகணும். செத்த வந்து நில்லுங்க."

பனியனோடு, இரு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, சார் தொப்பைக்கு டேப்பு பத்தல!" என்றாள் இசைவாணி என்றொரு பெண்.

"ஷும்மா இரு!" என்று வெடித்தார் கோதண்டபாணி.

 பதினோரு பேரும் சிரித்தார்கள். அவர் கீழே ஓடி அடுப்படியில் ஒளிந்தார். பின்னாலேயே வந்த பிரபாவதியிடம் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்து நீட்டினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அசிங்கமா இருந்துச்சு பிரபா. இந்த வயசுல... உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"மொத வாரமே தெரியுங்க. பல்லு தேச்சுக் குளிக்கப் போறப்ப டப்பாவோட சட்டைப் பையில வுட்டுட்டுப் போறீங்க. நீங்க கழுவுற லட்சணத்துக்கு நாறிக்கினு கெடக்குது. தெனம் பிரஷ் போட்டுத் தேச்சு வெக்கிறது யாருன்னு நெனச்சீங்க?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் இந்தப் பல்லோடதான வந்தீங்க? நான் வேணாம்னா சொன்னேன்?"

நெஞ்சு லேசானது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. துணிச்சலாகத் தொண்டையைச் செருமினார்.

"அப்ப சரி. அந்த மாடி ரூம்பு..."

பிரபாவதி கிளிப்பைக் குழாயில் அலசி, அவர் வாயில் அழுத்தி மாட்டினாள்.

"டப்பா மேல இருந்த விலாசத்தப் பாத்து நானும் திண்டிவனம் போயி டாக்டரம்மாவ பாத்தேங்க. பல்லு நேரானாலும் வுடக் கூடாதாம், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் வேற கிளிப்பு போட்டுக்கினே இருக்கணுமாம். மாடி ரூம்பு பேச்ச அதக் கழட்டுனப்புறம் வெச்சுக்கலாம். நாளைக்குப் பத்து மணிக்கு மாடிக்கு வந்துருங்க, பேண்ட்டுக்கு அளவெடுக்கணும்."