நர்மதாவுக்குத் தேதி ஒழியவில்லை

தான் இல்லாவிட்டால் எதுவும் ஆகாது என்று நம்புகிறவர்கள் ஒரு தனி இனம். இவர்களைப் பார்க்க நீங்கள் காட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் சாம்பாருக்கு உப்புப் போடும்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கரண்டியைப் பிடித்தால் அது இவர்கள் கை. பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கேஸை மூடு, மோட்டாரை நிறுத்து, பூனைக்குச் சோறு வை என்று வீதிக்கே உத்தரவு போட்டுக்கொண்டு போவது இவர்கள் தலை. "நா ஒருத்தி மட்டும் இல்லீன்னா..." என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எப்போதும் கைவசம் இருக்கும். முடிக்க மாட்டார்கள். முடிக்கும் பொறுப்பு உங்களுடையது. கேட்பதற்கு அது புலம்பல் போலத்தான் இருக்கும். கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், அது தோத்திரம்.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி நர்மதா இந்த இனத்தில் முதல் தரம். கிழக்கு வெளுப்பதற்குள் மாட்டுக் கட்டுத்தரையைக் கூட்டி, சிந்தாமணி என்கிற செவலைப் பசுவைக் கறந்து, பாலை வண்டிக்குக் கொடுத்து, வயலுக்குத் தண்ணீர் திருப்பி, குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய் யாரும் கேட்காத யோசனை நாலு சொல்லி, திரும்பி வந்து மறுபடி சிந்தாமணியைக் கறந்து, பொழுது சாயும் நேரத்தில் கோவில் மைதானத்தில் வள்ளி கும்மி பழகும் பெண்களுக்கு நடுவே முதல் வரிசையில், அதுவும் சரியாக மத்தியில் நின்று ஆடி, ஆடும்போதே பக்கத்தில் இருப்பவர்களின் கால்களையும் திருத்தி... மூச்சு வாங்குகிறதா? உங்களுக்குத்தான் வாங்கும். நர்மதாவுக்கு வாங்காது. வாங்கினாலும் சொல்ல மாட்டார்.

இப்படிப்பட்டவரின் கர்ப்பப்பைக்குள் ஒரு கட்டி, யாரையும் கேட்காமல், எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடாமல், தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

பாலக்காட்டு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஃபைப்ராய்டுன்னா பேடிக்க ஒண்ணும் இல்லா நர்மதா. ஆனா மாசாமாசம் ரத்தம் இங்ஙனெ போனா சரியாகாது கேட்டோ. இப்போன்னா சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம். இனியும் வளர்ந்தா வயத்தைத் தொறக்கணும். எப்போ அட்மிட்டு ஆகறீங்க?"

நர்மதா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் சிரிப்பது போலச் சிரித்தார். "பாக்கலாமுங்க டாக்டர். கொஞ்சம் சோலி கெடக்குது."

அறுப்பு முடியட்டும் என்றார். மிஷின் வந்து அரை நாளில் வயலை மொட்டையடித்துவிட்டுப் போனது. அறுப்பு முடிந்த துக்கத்தில் நர்மதா ஒரு வாரம் வெறும் வயலையே சுற்றி வந்தார். பிறகு, விஷு கழியட்டும் என்றார். விஷு எங்கே நிற்கப்போகிறது? அதுவும் கழிந்தது. கோவில் பொங்கல் ஆகட்டும். கும்மி அரங்கேற்றம் ஆகட்டும். ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதற்குக்கூட இத்தனை தடை வந்ததில்லை. கட்டி மட்டும்தான் எந்த நல்ல நாளுக்கும் காத்திருக்காமல் தன் வேலையைச் செய்தது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் ஆரஞ்சு அளவு என்று சொன்னதை அடுத்த வீட்டில் தேங்காய் ஆக்கினார்கள். சித்தூர் உறவுக்காரர்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்தபோது அது பலாப்பழம். இதற்கிடையே நர்மதாவின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் போன இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டது போல யோசித்தார். கறை தெரியாத கருநிறச் சேலைகளாகப் பார்த்து உடுத்தினார். கும்மி பழக வரும் பெண் ஒருத்தி ஆசையாகக் கன்னத்தைத் தொட்டுக் கேட்டாள்: "நெம்ப நெறமா ஆயிட்டீங்களே அக்கா, என்ன கிரீமுங்க?"

நர்மதாவும் ஒரு கிரீமின் பெயரைச் சொன்னார். இந்த இனத்துக்கு, தெரியாது என்று சொல்ல வராது.

வீட்டுக்காரர் மோகனசுந்தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் சொசைட்டிக்குப் பிரசிடெண்டு. பாலுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு காபியோடு சரி. அக்கறையில் குறை சொல்ல முடியாது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "ஒடம்புதானுங்க முக்கியம். நா சொல்லிப்போட்டனுங்க, ஒடனே ஆப்பரேசன் பண்ணிக்கோன்னு" என்பார். அடுத்த மூச்சில், "ஆனா அவ இல்லீன்னா இந்த ஊடு ஒரு நாளு ஓடாதுங்க" என்பார். முதல் வாக்கியம் நர்மதாவின் காதில் விழாது. இரண்டாவதைக் கேட்டதும் உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வருவார். உலகத்திலேயே மலிவான கூலி இந்த வாக்கியம்தான். கொடுப்பவருக்கு நஷ்டமில்லை, வாங்குபவர் மேலே போட்டுக் கேட்பதுமில்லை.

கும்மி மைதானத்தில்தான் முதல் அடி விழுந்தது. பாட்டு வேகமெடுத்த நேரத்தில் நர்மதாவுக்குக் கண் இருட்டியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் நின்றுவிடும், எல்லோரும் ஓடி வருவார்கள், கும்மி ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொள்வார் என்று கண்ணை மூடியபடியே எதிர்பார்த்தார். திறந்து பார்த்தால் இரண்டாம் வரிசைக் கருப்பாத்தாள் முதல் வரிசை மத்தியில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? அடுத்த கைத்தட்டுக்குள் வந்துவிட்டாள். வரிசை குலையவில்லை. அடி பிசகவில்லை. ஒருத்தி மட்டும் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, "சித்தெ ஓரமா உக்காருங்கக்கா, சுத்தறப்போ கால் இடிக்குது" என்றாள்.

கோயமுத்தூரில் படிக்கும் மகள் தமிழ்ப்ரியா அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கி, அம்மாவை இழுத்துக்கொண்டு பாலக்காடு போனாள். டாக்டரம்மா இந்தத் தடவை தைரியம் சொல்லவில்லை. "இந்த மாசம் விட்டா பின்னெ வயத்தைத் தொறக்கறதுதான். அதுக்கும் மொதல்ல ரத்தம் ஏத்தணும். அப்புறம் கும்மியும் இல்லா, ஒண்ணும் இல்லா."

வீட்டுக்கு வந்ததும் நர்மதா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நா போயி ஆஸ்பத்திரீல படுத்துக்கிட்டா சிந்தாமணிய ஆரு பீச்சறது? என்னைத் தவர ஆரையாச்சும் கிட்ட உடுமா அது?"

உண்மைதான். சிந்தாமணி ஒருமுறை பிரசிடெண்டையே உதைத்துத் தள்ளியிருக்கிறது. இரண்டு நாள் அவர் சொசைட்டிக்கு நொண்டிக்கொண்டு போனார். நர்மதா வெற்றியோடு முந்தானையை உதறிச் செருகினார்.

தமிழ்ப்ரியா கொடியைப் பார்த்தாள். அங்கே, அம்மா பால் கறக்கப் போகும்போது போடும் பூப்போட்ட நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, நீங்க நாளைக்கு அம்மா நைட்டியப் போட்டுக்கிட்டுப் போங்க."

"ஏங்கண்ணு, நா சொசைட்டிப் பிரசிடெண்டு!"

"மாட்டுக்கு அது தெரியாதுங்ப்பா."

மறுநாள் விடியற்காலம் மோகனசுந்தரம் நைட்டியோடு புறப்பட்டார். தோளில் நர்மதாவின் துண்டு, கையில் நர்மதாவின் பால் போசி, மேலுதட்டில் மட்டும் சொந்த மீசை. அதையும் துண்டின் நுனியால் மூடிக்கொண்டார். நர்மதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ கேட்டு அம்மனைக் கும்பிட்டிருக்கிறார். ஓர் உதை கேட்டுக் கும்பிட்டது அன்றைக்குத்தான். பெரிய உதையெல்லாம் வேண்டாம், தாயே. போசி உருண்டால் போதும்.

சிந்தாமணி திரும்பிப் பார்த்தது. நைட்டியை முகர்ந்தது. ஒரு வாய் வைக்கோலை இழுத்துக்கொண்டு, பால் சுரந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். பாவம், வாயில்லா ஜீவன், அதற்கு என்ன தெரியும் என்று. ஆனால் பால் வண்டிக்காரன் சென்னியப்பன் வந்தான். அவனுக்கு வாய் உண்டு. இந்த வாசலில் பல வருஷமாகப் பால் அளக்கிறவன். கட்டுத்தரையில் குனிந்திருந்த முதுகைப் பார்த்து, கேனை இறக்கிக்கொண்டே சொன்னான்:

"ஏனுங்க நர்மதாக்கா, ஒடம்பு தேவலீங்களா? நேத்தைக்குப் பாத்ததுக்கு இன்னைக்கு நல்லா தெம்பா இருக்கறீங்."

துண்டுக்குப் பின்னாலிருந்து பிரசிடெண்டு ஓர் இருமல் இருமினார். சென்னியப்பன் அதையும் விசாரித்து, கஷாயம் சொல்லிவிட்டுப் போனான்.

ஜன்னலில் நர்மதா அசையாமல் நின்றார். இத்தனை காலமும் இந்த வீட்டைத் தாங்கியது யார்? மாடு யாரைப் பார்த்துப் பால் சுரந்தது? ஊர் யாரைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டது? கொடியில் காயப்போட்டால் நாலு மணி நேரத்தில் உலர்ந்துவிடும் ஒரு துணியை.

திரும்பி மகளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. குரலில் நெருப்பு இருந்தது. "டாக்டருக்குப் போனப் போடு. இந்த வாரமே தேதி குடுக்கச் சொல்லு. எப்படித்தான் ஓட்டறாங்கன்னு நானும் பாக்கறேன்!"

டாக்டரின் எச்சரிக்கையும், ஆரஞ்சும் பலாப்பழமும் செய்யாததை ஓர் அவமானம் செய்தது. சின்ன ஓட்டைகளோடு காரியம் முடிந்தது. கட்டி வந்த இடம் தெரியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே நர்மதா வீட்டுக்குப் போன் போட்டார்; தமிழ்ப்ரியா எடுத்தாள். தண்ணி திருப்பியாச்சா? ஆச்சுங்ம்மா. குடும்பஸ்ரீ கூட்டம்? நல்லாவே நடந்துச்சுங்ம்மா, சீக்கிரம் முடிஞ்சிருச்சு. சிந்தாமணி? அது ஜம்முனு இருக்குதுங்ம்மா. ஒரு கொறையும் இல்லீங்ம்மா.

"வேதன எவிடெயா சேச்சி?" என்று நர்ஸ் வலிக்கும் இடத்தைக் கேட்டபோது நர்மதா போனைக் காட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நீங்கள் நிம்மதியாகப் போகலாம். முடியவில்லை. கனம் தூக்கக் கூடாது என்ற வாரங்களெல்லாம் கழிந்து, நர்மதா ரத்தமும் தெம்புமாகக் கட்டுத்தரைக்கு வந்து கையை நீட்டினார். மோகனசுந்தரம் போசியைக் கொடுக்கவில்லை. "நீ போயி கும்மியப் பாரு அம்மிணி. சிந்தாமணி இப்போ என்னைத் தவர ஆரையும் கிட்ட உடறதில்ல." பொள்ளாச்சியில் தங்கை மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர்களிடம், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வரோணும்னு ஆசைதானுங்க. ஆனா நா ஒருத்தன் இல்லீன்னா இங்க..."

முடிக்கவில்லை. நர்மதா உள்ளே போய் அவருக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்து, கும்மிக்குப் புறப்பட்டார். முதல் வரிசைதான். ஓரத்தில்.

எப்படிப்பட்ட மனிதர்கள் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே நடுவில் எழுந்து போய் அடுப்பை ஒரு பார்வை, போனை ஒரு பார்வை, பக்கத்து நாற்காலிக்காரரின் வேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் சட்டையையோ துப்பட்டாவையோ நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் மாட்டிவிட்டு நாலு நாள் காணாமல் போங்கள். திரும்பி வரும்போது யாராவது அதன் முன்னால் காபி வைத்து, "ஒடம்பு தேவலீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தால் கோபப்படாதீர்கள். சத்தம் காட்டாமல் வெளியே வந்து, நீங்கள் தள்ளிப்போட்டிருக்கும் அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். சட்டை பார்த்துக்கொள்ளும்.