பதினோரு வருஷத்துக்குப் பிறகு நன்னடத்தைக் காலம்

நல்லூர், திருப்பூர்
புதன்கிழமை

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணன் சீனிச்சாமி அவர்களுக்கு, தங்கை ஒச்சம்மாள் வணங்கி எழுதுவது. ஒச்சாண்டம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் மதினியும் மாடுகன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். இங்கே பக்கத்து வீட்டு ராபின் நம் ஊருக்கு வந்தபோது, ஒச்சம்மாளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள், தூக்குச்சட்டியோடு கம்பெனி கேட்டில் நிற்கிறாள் என்று உங்களிடம் சொன்னானாம். நின்றது உண்மை. மற்றது பொய். நடந்ததைக் கேளுங்கள்.

பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடுகிற செக்கிங் பிரிவில் எனக்குப் பதினோரு வருஷமாகிறது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சத்யப்பிரியா என்கிற பொண்ணு ஆளுக்கு எட்டுப் பக்கம் காகிதத்தைக் கொடுத்து, "புது அக்ரிமெண்டுங்க அக்கா. நம்ம பனியன் வாங்குற வெளிநாட்டு பையர் ஆடிட் வருதுங்க. மத்தியானத்துக்குள்ள கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றாள். எல்லோரும் முதல் ஏழு பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை, போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ஏழு பக்கத்தில் அப்படி என்னதான் எழுதியிருப்பார்கள் என்று ஓர் ஆசை. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன். முதல் பக்கத்தில் கம்பெனி 'முதல் கட்சி', நான் 'இரண்டாம் கட்சி' என்று போட்டிருந்தது. நான் எந்தக் கட்சியிலும் இல்லையே என்று யோசித்துக்கொண்டே போனால், ஏழாம் பக்கத்தில் 'இந்த ஒப்பந்தம் திருப்பூரில் இரு கட்சிகளாலும் தூக்கிலிடப்பட்டது' என்று இருக்கிறது. சத்யப்பிரியாவைக் கூப்பிட்டு, "ஏத்தா, யாரைத் தூக்குல போடப் போறீக?" என்று கேட்டேன். அவள் இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துவந்து பார்த்துவிட்டு, "அய்யோ, 'நிறைவேற்றப்பட்டது'ன்னு இருக்கோணுங்க அக்கா! இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைங்க. கம்ப்யூட்டர்ல போட்டுத் தமிழாக்குனாங்க. அது தூக்குத் தண்டனைய நிறைவேத்திருச்சுங்க" என்றாள். செக்கிங் மேசை முழுக்கச் சிரிப்பு.

சிரித்து முடித்த பிறகுதான் நாலாம் பக்கத்தைக் காட்டினேன். 'இரண்டாம் கட்சிக்கு ஆறு மாதம் நன்னடத்தைக் காலம்' என்று இருந்தது. "பதினோரு வருஷமா என் நடத்தையில என்னத்தா குறைய கண்டீக?" என்று கேட்டேன். அந்தப் பொண்ணுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்தி, "அக்கா, அது புதுசாச் சேர்றவங்கள நிரந்தரமாக்கறதுக்கு முன்னாடி போடற புரொபேஷனுங்க. நீங்க சேர்ந்த தேதின்னு இந்த மாசம் ஒண்ணாந்தேதி போட்டிருக்குதுங்க" என்றாள். அண்ணே, பதினோரு வருஷமும் ஒரு வரியில் போய்விட்டது. தூரத்தில் இருக்கிற குண்டடத்தில் புதிதாகத் திறக்கிற யூனிட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இன்னொரு வரி. நான் கையெழுத்துப் போடவில்லை.

சூப்பர்வைசர் முருகவேல் வந்து, "எல்லாரும் போட்டாச்சுங்க. நீங்க போடலீன்னா நாளைக்கு வர வேண்டாம்னு மொதலாளி சொல்றாருங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் உங்கள் மாப்பிள்ளை, "ஊரே போட்டுருச்சு, நீ என்ன கலெக்டரா?" என்கிறார். மறுநாள் விடிந்ததும் தொழிற்சங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே கதிர்வேல் என்கிற தம்பி சொன்னது: "போடாதீங்கக்கா. ஆனா வேலைக்குப் போகாமயும் இருந்துறாதீங்க. போகலீன்னா நீங்களே வேலைய விட்டு நின்னுட்டீங்கன்னு எழுதிப்போடுவாங்க. பழைய நிபந்தனையில வேலை செய்யத் தயார்னு எழுதிக் குடுத்துட்டு, தினமும் நேரத்துக்குப் போய் கேட்டுல நில்லுங்க. நிபந்தனைய மாத்தோணும்னா முன்னாடியே எழுத்துல அறிவிக்கோணுங்க. ஒரு மத்தியானத்துல மாத்த முடியாதுங்க."

அப்படித்தான் தூக்குச்சட்டியோடு நின்றேன். முதல் நாள் வீறாப்பாக இருந்தது. இரண்டாம் நாள், உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கக் கேட்க, நான் இல்லாமலும் ஓடத்தான் செய்கிறது என்று தோன்றியது. மூன்றாம் நாள் டீ நேரத்தில் தையல் பிரிவு ரோஸ்மேரி கேட்டுக்கு வந்து, "யக்கா, எம் பேப்பர்லயும் அந்த நன்னடத்தை இருக்கா?" என்றாள். யாருக்கும் நகல் கொடுக்கவில்லை, பாவம். இருக்கிறது என்றதும் அவள் முகம் சிவந்துவிட்டது. "எம் மகளப் பொண்ணு பாக்க வர்றவுக கம்பெனியில வந்து விசாரிச்சா, அவ ஆத்தாளுக்கே இன்னும் நன்னடத்தை பாத்துக்கிட்டிருக்கோம்னுல சொல்லுவாக!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். சட்டம் சொன்னால் அசையாதவர்கள் அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்துவிட்டார்கள். மத்தியானம் முப்பத்தோரு பேர் ஆபீஸ் வாசலில் நின்று, போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கொடு என்றார்களாம்.

முதலாளி சென்னியப்பன் தானே கேட்டுக்கு வந்தார். "ஏனுங்கம்மா, வெயில்ல நின்னுக்கிட்டு? உள்ள வாங்க. அதுல என்ன இருக்குதுன்னு நானும் படிக்கலீங்க. கன்சல்டண்ட் அனுப்புனதுங்க" என்றார். நிஜமா பொய்யா, எனக்குத் தெரியாது. "அப்பச் சேர்ந்து படிப்போம்யா" என்றேன். ஒன்றரை மணி நேரம் வரி வரியாகப் படித்தோம். முடிவில், சேர்ந்த தேதி பழையபடி. நன்னடத்தை வரி அடிக்கப்பட்டது. சம்மதம் இல்லாமல் குண்டடத்துக்கு மாற்றக் கூடாது. ஆளுக்கொரு நகல். நான் கேட்டில் நின்ற மூன்று நாளும் வருகைப் பதிவில் ஏறியது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், பெரியவர்களுக்கு நமஸ்காரம். யார் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கை ஒச்சம்மாள்

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரம் சத்யப்பிரியா வீட்டுக்கே வந்தாள். இனிமேல் கம்பெனியில் எந்தக் காகிதம் வந்தாலும் தொழிலாளர் சார்பில் முதலில் படித்துப் பார்க்க என்னைத்தான் நியமித்திருக்கிறார்களாம். "சம்மதம்னு ஒரு கையெழுத்துங்க அக்கா" என்று நாலு பக்கம் நீட்டினாள். சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. அந்த முதல் மூன்று பக்கத்தில் என்னதான் இருந்திருக்கும் அண்ணே?