செத்தவர் பேசிய ஸ்டீரியோ பெட்டி

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் அந்த மாதம் செத்தவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை பேசாதவர்கள்கூட, ஓம்பிரகாஷ் சாமியின் பழைய ஸ்டீரியோ ரிசீவரில் மணிக்கணக்காகப் பேசினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே கீழ்நாட்டுச் சனமும் ஏறி வந்தது.

அடக்கமான பெட்டி. மரச்சட்டம், வெள்ளி நிற முகப்பு, மஞ்சள் வெளிச்சத்தில் நடுங்கும் முள். இடது ஸ்பீக்கரில் ஆண் ஆவி, வலதில் பெண் ஆவி. மேலுலகத்திலும் தனி வரிசைதான் போலிருக்கிறது. சின்ன அறையில்தான் ஆவி தங்குமாம். அதனால் பலகை அடித்த ஓர் அறை. காணிக்கை மிளகு மட்டும் பெரிய மூட்டையாக இருக்கலாம்.

பாவாயிக்குச் சந்தேகமே வரவில்லை. செத்துப்போன புருஷன் குப்புசாமி அச்சு அசல் மலைப்பேச்சில் பேசினார். மகள் கோகிலாவுக்கு வலிப்பு மாத்திரை வேண்டாம், சாமி மந்திரித்த மிளகே போதும் என்றார். மாத்திரையை நிறுத்தினாள். அந்த வாரமே குழந்தை வலிப்பு வந்து அடுப்போரம் விழுந்தாள். புருஷன் உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை மீறியவள்தான் பாவாயி; ஆவியின் பேச்சை மீறப் பயந்தாள். மறுபடியும் கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள்.

மாத்திரை கொடுக்கும் நர்ஸ் ஸ்டெல்லா ஆத்தூர்க்காரி. அவள் திட்டவில்லை. கூடவே வந்தாள்.

குப்புசாமி பேசத் தொடங்கியதும் ஸ்டெல்லா பெட்டியருகே போனாள்.

"தலை வலிக்குதுங்க சாமி, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கறேன்."

சாமி தடுப்பதற்குள் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டாள். ஸ்பீக்கர் ஊமையானது. குப்புசாமி ஊமையாகவில்லை.

"மாத்திரை மட்டும் குடுத்துராத புள்ள" என்றது பலகைச் சுவர்.

மலைப்பேச்சு வேண்டுமென்று சாமி திண்ணனூர் நாட்டு வேல்முருகனைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார். எதிர்ச் சரிவில் நிற்பவரைக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை. மைக்கைக் கொடுத்தால் மட்டும் கிசுகிசுக்குமா? இத்தனை நாளும் ஸ்பீக்கர் சத்தம் அதை மூடி மறைத்தது.

பாவாயி பின்பக்கம் ஓடிப் பலகைக் கதவைத் தள்ளினாள். காதில் ஹெட்போன், கையில் மைக்கோடு வேல்முருகன் முழித்தான்.

"ஏனுங்க, நீங்கதான் எங்க ஊட்டுக்காரருங்களா?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். குடும்ப விவரமெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். வரிசையில் நிற்கும்போது நீங்களே பேசிக்கொண்டது பலகை வழியே கேட்டதுதான் என்றான்.

சாமி விடவில்லை. ஆவிதான் வேல்முருகன் வாயில் புகுந்து பேசுகிறது என்றார். சொன்னால் நம்புங்கள், அதற்கும் சில தலைகள் ஆடின.

"செத்தவருக்கு வலிப்பு வராதுங்க சாமி. எம்புள்ளைக்கு வருது" என்ற பாவாயி, ஸ்டெல்லாவிடம் கை நீட்டினாள். "மாத்திரையக் குடுங்க கண்ணு."

வெளியே நின்றவர்களோ, தங்கள் முறை வருவதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று முணுமுணுத்தார்கள். செத்தவர் பேச்சைக் கேட்க மலையேறி வந்த அன்பர்களே, உங்கள் மூளை இன்னும் சாகவில்லை. அதுவும் ஒரு வார்த்தை பேச ஆசைப்படுகிறது. கொஞ்சம் காது கொடுங்கள்.