பரிசைத் திருப்பிக் கொடுக்கும் கனவான்

தானம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தானம் வாங்குகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஒரு கையில் பரிசையும் மறு கையில் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கான சொற்பொழிவையும் ஏந்திக்கொண்டு நிற்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. எங்கள் ஸ்கார்பெக் பள்ளத்தாக்குக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள், அபூர்வமான ஏதோ ஒரு காட்டுக்கோழியைத் தேடித் தூரக்கண்ணாடியும் கையுமாக மழையில் புதருக்குள் படுத்துக் கிடப்பார்கள். பாவம், ஊர்க் கிளப்புக்குள் ஒரு நடை எட்டிப் பார்த்திருந்தால், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஒன்றைக் கணப்படுப்புக்குப் பக்கத்து நாற்காலியிலேயே கண்டிருக்கலாம். பெயர் வில்ஃப் ஆக்ராய்ட். வீட்டுக்கடன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இவர் சும்மா எதையும் கொடுக்க மாட்டார். உண்டியலை நீட்டினால் கோட்டுப் பையைத் தடவுவார், கால்சட்டைப் பையைத் தடவுவார், பிறகு உண்டியல்காரரின் முதுகைத் தடவி அனுப்பிவிடுவார். சொந்தப் பணத்தைக் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? யாருக்குத் தெரியும்? முதலில் ஒன்றை ஜெயிக்க வேண்டும். ஊர் பார்க்க ஜெயிக்க வேண்டும். அப்புறம்தான் ஐயாவுக்குக் கை நீளும்.

அதற்கென்றே ஏற்பட்டவை எங்கள் கிளப்பின் போக்கர் சீட்டாட்ட மாலைகள். செருப்பைப் போட்டுக்கொண்டு மலையேறிக் கணுக்காலை முறித்துக்கொள்ளும் நகரத்துக்காரர்களைத் தூக்கி வருகிற மலைமீட்புக் குழு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதன் ஸ்ட்ரெச்சர், தூக்கப்படுகிறவனைவிட மோசமான நிலையில் இருக்கிறது. புதியது வாங்கத்தான் இந்தச் சீட்டாட்டம். இதற்கெல்லாம் அரசாங்க விதிகள் உண்டு. படித்தவன் என்ற குற்றத்துக்காக அவற்றைப் படிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படத்தை அப்பா வீட்டுக் கூடத்தில் ஒன்று, ஆடுகள் குட்டி போடும் கொட்டகையில் ஒன்று என்று மாட்டி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் படிக்காமல் வேறு யார் படிப்பது? படித்தேன். ஆளுக்கு எட்டு பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. பரிசுகளுக்கு உச்சவரம்பு உண்டு. எந்தக் காரியத்துக்கு வசூல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எவனும் தன் பைக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது. சுவரோரம் நின்று கண்சிமிட்டும், காசு போட்டால் பழப் படங்கள் சுழலும் சூதாட்டப் பழ மிஷினுக்குத் தனி அனுமதி வேண்டும். விதி எழுதிய புண்ணியவான்கள் பணத்தைச் சுருட்டுகிறவனை யோசித்திருக்கிறார்கள், சீட்டை ஒளிக்கிறவனை யோசித்திருக்கிறார்கள், செலவுக் கணக்கில் விளையாடுகிறவனை யோசித்திருக்கிறார்கள். பெருந்தன்மையை மட்டும் யோசிக்கவே இல்லை.

மிஸ்டர் ஆக்ராய்ட் ஆடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். நல்ல காரியத்துக்கு ஆடுகிறவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? ஜெயிக்காமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆகவே, தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் எண்பது வயதுக் கிழவியின் கடைசிப் பந்தய வட்டுகளைக்கூட, ஞானஸ்நானம் செய்விக்கும் பாதிரியாரின் முகத்தோடு வழித்தெடுத்துக்கொள்வார். எதிராளி தேநீர்க் கோப்பையைத் தூக்கும் விதத்திலேயே அவன் கையில் என்ன சீட்டு என்று மோப்பம் பிடிப்பார். ஜெயித்ததும் எழுந்திருப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பரிசாக வந்த ஜின் பாட்டிலைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைப்பார். சபை அடங்கும்வரை காத்திருப்பார்.

"இல்லீங்க. மனசு கேக்கலை. இத நான் வீட்டுக்குக் கொண்டு போனா எனக்குத் தூக்கம் வருமா? இது அந்த மலை மேல கிடக்கிற முகம் தெரியாத மனுஷனுக்குச் சேர வேண்டியது!"

கைதட்டல். மலை மேல் கால் முறிந்து கிடக்கிறவன் ஜின்னை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவேளை குடிப்பானாக இருக்கும்.

அவர் மனைவி மவுரீன் மட்டும் கைதட்ட மாட்டார். "நல்ல ஜின்யா அது. நான் கண்ணால பாத்ததோட சரி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியைப் பழக் கேக்கின் மேல் வைத்து ஆத்திரத்தோடு கடிப்பார்.

பழ மிஷின் முன்னால் அவர் நடத்தும் பூசை இன்னும் விசேஷம். மூன்று எலுமிச்சை வரிசையாக விழுந்து காசு கொட்டினால், அத்தனையையும் அள்ளி அப்படியே உண்டியலில் கவிழ்த்துவிடலாம் அல்லவா? ஒரு நொடியில் முடிகிற வேலை. முடிந்துவிட்டால் யார் பார்ப்பது? ஒவ்வொரு காசாக, ஒவ்வொரு காசும் தகரத்தில் விழுந்து ஓசை அடங்கிய பிறகே அடுத்ததாகப் போடுவார். அதற்குள் பேச்சு நின்று, சீட்டாட்டம் நின்று, தேநீர் ஆறிவிடும்.

இத்தோடு போனால் நான் ஏன் எழுதுகிறேன்? அவர் தன் பரிசைக் கொடுத்தால் அது அவர் பாடு. கொடுத்துவிட்டு உட்காருவாரா? மாட்டார். அடுத்து ஜெயித்தவனைத் திரும்பிப் பார்ப்பார். வெறும் பார்வைதான், ஆனால் அந்தப் பார்வையில் காலொடிந்தவன் இருப்பான், அவன் பெண்டாட்டி இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள், அடிக்கிற பனிக்காற்று இருக்கும். பிளம்பர் நெவில், ஊர் மதுக்கடையில் இருவருக்கான விருந்தை ஜெயித்தார். அன்று அவர் கல்யாண நாள். மனைவி புதுக் கவுனில் வந்திருந்தார். மிஸ்டர் ஆக்ராய்ட் பார்த்தார். நெவில், பல் பிடுங்க வாயைத் திறப்பவனைப் போலச் சிரித்தபடி எழுந்து, "சரி... நானும் குடுத்துடறேன்" என்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. புதுக் கவுன் வீட்டுக்குப் போய் அவித்த முட்டை தின்றது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதை இவ்வளவு மரியாதையாக உடைத்து நான் பார்த்ததில்லை.

திருப்பிக் கொடுத்த பரிசுகள் என்ன ஆகும்? அடுத்த போட்டியில் மறுபடியும் பரிசாகும். மறுபடியும் திரும்பி வரும். எங்கள் கிளப் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதை ஜெயிக்காத குடும்பம் ஊரில் இல்லை. தின்ற குடும்பமும் இல்லை. இப்படியே போனால் எவன் வருவான்? வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்குச் சேர்ந்த பணம், ஒரு தலையணை வாங்கும் அளவில் நின்றது.

நிலைமையைப் பார்த்துத்தான் கிளப் தலைவி ஹில்டா, பக்கத்து ஊர்க் கடைக்காரரைக் கெஞ்சி ஒரு புதிய வாஷிங் மிஷினையே முதல் பரிசாக வாங்கி வந்தார். மேடை மேல் சிவப்பு நாடா கட்டி, மணப்பெண்ணைப் போல நிறுத்திவைத்தோம்.

அதைப் பார்க்கவென்றே வந்தவள் டெனீஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். மூன்று பையன்கள். மூவரும் கால்பந்து ஆடுகிறவர்கள். அதில் ஒருவன் கோல்கீப்பர். எங்கள் ஊர் மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவளுடைய பழைய மிஷின் பனிக்காலத்தின் தொடக்கத்திலேயே உயிரை விட்டுவிட்டது. அன்றிலிருந்து ஈரமும் சேறுமான மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பக்கத்து ஊர்ச் சலவைக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அருகில் யாரும் உட்காருவதில்லை என்பதால் பஸ்ஸில் இடத்துக்குக் குறைவில்லை. எட்டு பவுண்டைக் கட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்தவள், சீட்டைப் பார்த்ததைவிட மேடையைத்தான் அதிகம் பார்த்தாள்.

ஆட்டம் நகர்ந்தது. ஒவ்வொருவராக எழுந்துபோய், கடைசியில் மேசையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். நீங்கள் ஊகித்தது சரிதான். மிஸ்டர் ஆக்ராய்ட் பாதிரியார் முகத்தை அணிந்துகொண்டு, தன் வட்டுகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"யோசிச்சு ஆடு கண்ணு. இதுல தப்பு பண்ணிட்டா எல்லாம் போயிடும்."

"ஏற்கெனவே போனதுக்கு மேல என்ன போகப் போகுது, மிஸ்டர் ஆக்ராய்ட்? காட்டுங்க."

டெனீஸும் தன் வட்டுகளைத் தள்ளிவிட்டுச் சீட்டைத் திருப்பினாள்: ஒரு ஜோடி ஏழு. அவரிடம் ஒரே ஒரு ராஜா, ராஜ்யம் எதுவும் இல்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஊரையே ஏய்த்த முகம், சாப்பாடு பரிமாறுகிறவளிடம் பலிக்கவில்லை. "இன்னிக்கு நான் காய் சாப்பிட்டாச்சு" என்று சொல்லும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள்.

தோற்றவர் என்ன செய்ய வேண்டும்? கைகொடுத்துவிட்டுக் கோட்டை மாட்ட வேண்டும். மிஸ்டர் ஆக்ராய்ட் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நண்பர்களே! டெனீஸ் மனசுல இப்ப என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லக் கூச்சம். அவ சார்பா நானே சொல்லிடறேன். இந்தப் பள்ளத்தாக்கோட பண்பாடு..." என்று சொல்லிக்கொண்டே, தானே கைதட்டத் தொடங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"எதுக்குத் தட்டுறாங்க?" என்றாள் டெனீஸ்.

"நீ மிஷினைத் திருப்பிக் குடுக்கறதுக்குக் கண்ணு."

"யாரு? நானா?"

"மலை மேல காலொடிஞ்சு கிடக்கிறவனை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரும்மா."

"நெனச்சுப் பாத்தேன். அவனை வாஷிங் மிஷின்ல போட்டா தூக்கிட்டு வருவீங்க?"

பின்வரிசையில் யாரோ தேநீரைத் துப்பினார்கள். டெனீஸ் சிரிக்கவில்லை. முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஊரே பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்வது எளிது. வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"நான் குடுத்த எட்டு பவுண்டு ஸ்ட்ரெச்சருக்கு. அது உங்களுது. மிஷின் என்னுது. நான் கொண்டுபோறேன்."

பழ மிஷின்கூடக் கண்சிமிட்டுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது. மிஸ்டர் ஆக்ராய்ட் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ படிச்ச பையன். விதியில இதப் பத்தி என்ன சொல்லியிருக்கு?"

"கொடுத்தே ஆகணும்னு இருக்குங்க."

"பாத்தீங்களா!"

"ஜெயிச்சவங்களுக்கு. அறிவிச்ச பரிசை."

முதலில் எழுந்தவர் மவுரீன். இத்தனை வருஷமாகத் தட்டாத கையைத் தட்டவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நேராக மேடைக்குப் போய், சிவப்பு நாடாவைப் பிய்த்தெறிந்தார்.

"நம்ம கார்ல போகும் கண்ணு. வில்ஃப்! நின்னுகிட்டு என்ன பாக்கறே? போய்ப் பின்சீட்டை மடக்கு."

"மவுரீன், இது ஒரு கொள்கைப் பிரச்சினை..."

"ஆமா, கனமாத்தான் இருக்கும். அந்தப் பக்கம் நெவில் பிடிப்பாரு."

நெவில் ஏற்கெனவே அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்ற எந்தச் சொல்லாலும் என்னால் வருணிக்க முடியாது. "குழாய் மாட்ட நான் காசு வாங்க மாட்டேன் டெனீஸ். இன்னிக்கே மாட்டறேன்" என்றார். அப்படியாக, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பரிசு கிளப் வாசலைத் தாண்டியது. அதை மூச்சு வாங்கத் தூக்கிச் சென்றவர், சாட்சாத் மிஸ்டர் ஆக்ராய்ட். அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. அவர் பழக்கத்தில் சற்றே தலைவணங்கப் போய், மிஷினில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

அடுத்த போட்டிக்குத் தேவாலயத்திலிருந்து நாற்காலி கடன் வாங்க வேண்டியதாகிவிட்டது. "கிளப்புல ஜெயிச்சா நெசமாவே குடுத்துடறாங்களாம்!" என்று அடுத்த பள்ளத்தாக்குவரை சேதி போயிருந்தது. கொடுத்துவிடும்படி யாரும் உற்றுப் பார்க்காதபோது, ஜனங்கள் உண்டியலைக் கடந்து போகையில் தாங்களாகவே, ஓசைப்படாமல் நோட்டுகளைச் சொருகிவிட்டுப் போனதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

இனம் அழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இந்த இனமா? இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மிஸ்டர் ஆக்ராய்ட் இப்போது தோட்டக்காரர் சங்கத்தின் கண்காட்சிக் குழுவில் இருக்கிறார். அங்கே முதல் பரிசு பெற்ற பூசணிக்காய்கள் ஏழைகளுக்குச் சூப்பாகிவிடுவதாகக் கேள்வி.

அது கிடக்கட்டும். இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியாதா? அலுவலகத்தில் வசூல் கேட்டு வரும்போது, "நாம எல்லாருமே ஒரு நாள் சம்பளத்தைக் குடுத்துடலாமே" என்று எல்லாருக்காகவும் நீங்கள் சொன்னதில்லை. தட்டில் கிடக்கும் கடைசித் துண்டை நோக்கி ஒருவர் கை நீளும்போது, "எனக்கு வேணாம், குழந்தைங்க யாராவது சாப்பிடட்டும்" என்று சரியாக அந்த நேரத்தில் உரக்கச் சொன்னதில்லை. சொன்னதே இல்லை. ஆனால் ஒன்று. இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பினால் நல்லது என்றும் தோன்றியிருக்கும். அவருக்கு மட்டும், ரகசியமாக அனுப்பினால் பிழைத்தீர்கள். அப்படியில்லாமல், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற குழுவில், "எனக்காக இல்லை, நாலு பேருக்குப் பயன்படட்டுமே என்றுதான்" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பப் போகிறீர்களா?

வாருங்கள் ஐயா. கணப்படுப்புக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.