டென்மார்க் ஓட்டு

திருப்பூரில் பனியன் போடாத ஆளைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். எங்கள் மொதலாளி 'காலிபர்' கருத்துக் கேட்காத ஆளைப் பிடிக்க முடியாது. நூல் இறக்க வரும் லாரி டிரைவர், பாங்க் மேனேஜர், பல்லடம் பஸ் கண்டக்டர் என்று யாரைப் பார்த்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான். "ஏனுங்க, ஆயுசுக்கும் ஒரே ஒரு ரைபிள்தான்னு வெச்சுக்கங்க. வேட்டைக்கும் அதுதான், அட்டைய நிறுத்திக் குறி பாத்துச் சுடறதுக்கும் அதுதான். என்ன காலிபர் வாங்குவீங்க?"

காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள் அளவு. தோட்டாவும் அதற்குத் தகுந்தபடி பெரிசு, சிறுசு. இதை எனக்கு அவர் விளக்கியது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சம்பளம் எவ்வளவு என்று சொல்வதற்கும் முன்னால்.

அருள்புரத்தில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. எண்பதுகளின் கடைசி அது. ஊரே எக்ஸ்போர்ட் எக்ஸ்போர்ட் என்று ஓடியபோது இவரும் ஒரு டைப்ரைட்டர் வாங்கி, அதைத் தட்ட என்னை வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறையில் வேலை; அவர் கையைப் பார்த்தே அன்று பட்டறையில் என்ன கலர் என்று சொல்லிவிடலாம். "வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்துருச்சுன்னா உன்ற வேலை பெர்மனன்ட் கண்ணு. வரலீன்னா டைப்ரைட்டரை வித்துப்போட்டு லோக்கல் பனியனே போட்டுக்கறேன்" என்றார் மொதலாளி. என் தலைவிதியும் டைப்ரைட்டரின் தலைவிதியும் ஒன்றாகிவிட்டன.

இத்தனைக்கும் அவர் துப்பாக்கியைத் தொட்டது அவிநாசித் தேர்த் திருவிழாக் கடையில் பலூன் சுட்டபோது மட்டும்தான். அங்கேயும் சுடுவதற்கு முன்னால், "இது என்ன காலிபருங்க?" என்று ஆரம்பித்து, கடைக்காரர் விழிக்க, பின்னால் நின்ற கூட்டம் சண்டைக்கு வந்துவிட்டதாம்.

அவருடைய அப்பாவுக்குத் தோட்டக் காவலுக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. தன் பெயருக்கும் ஒன்று வேண்டும் என்று இவர் கலெக்டர் ஆபீசுக்கு விண்ணப்பம் போட்டார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, காலிபர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார். மூன்று தடவை அனுப்பினார். மூன்று தடவையும் திரும்பி வந்தது.

"பெருசு வாங்கினா தோளை ஒதைக்குது. நாளெல்லாம் அட்டையைச் சுட முடியாது. சிறுசு வாங்கினா அட்டைக்குச் சொகுசுதான்; ஆனா கடமானைச் சுட்டா அது திரும்பி, 'ஏனுங்க, கூப்புட்டீங்களா?'ன்னு கேக்கும்" என்பார்.

"பெருசுல மொசலைச் சுட்டா காது மட்டும்தானுங்க மிஞ்சும்" என்று கட்டிங் மாஸ்டர் எடுத்துக் கொடுப்பார். மத்தியானம் வரை கத்தரி நின்றுவிடும்.

"வேட்டையே கூடாதுன்னு சட்டம் போட்டு வருசக்கணக்காச்சுங்களே மொதலாளி?" என்று செக்கிங் டேபிளில் இருந்து ஒரு அக்கா கேட்டார்.

"வேட்டைக்குத்தான தடை அம்மிணி? யோசனைக்குமா தடை?"

உள்ளூர் ஓட்டுகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றதால் அவர் வெளிநாட்டுக்குப் போனார். நான் அடிக்கும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட் கடிதத்தின் அடியிலும், விலை, துணி எடை, சாம்பிள் எல்லாம் முடிந்த பிறகு, "பின்குறிப்பு: ஒரே ஒரு ரைபிள் என்றால் எந்தக் காலிபர்?" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பதில்களும் வந்தன. அமெரிக்கா, பெருசான முப்பது-நாட்-ஆறு என்றது, ஆர்டர் இல்லை. இத்தாலி, சிறுசான பாயிண்ட் டூ டூ என்றது. அதோடும் ஆர்டர் இல்லை. இங்கிலாந்து சொன்ன த்ரீ-நாட்-த்ரீ நம் ஊரில் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் உரியது. "செல்லாத ஓட்டு" என்று மொதலாளி சிவப்பு மையால் அடித்தார். பிரான்சிலிருந்து பதிலே வரவில்லை. பனியன் விற்கிறவன் தோட்டாவைப் பற்றிக் கேட்டால் யார்தான் பதில் போடுவார்கள் என்று எனக்குப் பட்டது.

அதனால் டென்மார்க்குக்கு அடித்த கடிதத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். மொதலாளிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தாளின் அடியில் விரலை வைத்து, "இங்கதான கேட்டிருக்கற?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

டென்மார்க்காரர் பதில் போட்டதோடு நேரிலேயே வந்துவிட்டார். அதே வாரம் கலெக்டர் ஆபீசிலிருந்து கடைசி ஓலையும் வந்தது: மாதக் கடைசிக்குள் கட்டத்தை நிரப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. "பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணுன்னு நிக்குது. டென்மார்க்கு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு" என்று மொதலாளி காலையிலேயே குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்துவிட்டார்.

டென்மார்க்காரர் துணியை இழுத்துப் பார்த்தார், தையலை எண்ணினார், தலையை ஆட்டினார். பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மொதலாளி காலிபர் பைலைப் பிரித்தார். "கண்ணு, கடுதாசில கேட்டமே, அதுக்கு ஏன் பதில் சொல்லலீன்னு கேளு."

"மொதலாளி... அந்த வரியை நான் எழுதலீங்க."

"எழுதலியா?"

"துப்பாக்கின்னா பயந்துக்குவாரு, ஆர்டர் போயிரும்னு..."

மொதலாளி என்னையே பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று டென்மார்க்காரர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மொதலாளியே தன் கையிருப்பு இங்கிலீஷ் முழுவதையும் இறக்கினார். "ஒன் மிஸ்டேக், சார். மை மிஸ்டேக். டைப்பிங் வெரி குட்!"

மிஸ்டேக் என்ற வார்த்தை போதுமே. டென்மார்க்காரர் பேனாவை மூடிவிட்டு டேப்பை எடுத்தார். மடித்து வைத்த சாம்பிள் அத்தனையும் பிரித்து, கழுத்து, கை, அடிமடிப்பு என்று இரண்டு மணி நேரம் அளந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என் கண்ணுக்குத் தெரியாத தப்பையும் தானாகச் சொல்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை" என்று சொல்லி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் போனதும் மொதலாளி விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"டென்மார்க்கு ஓட்டை நீ எடுத்துட்ட. இப்ப அதை நீயே போடு."

"பாயிண்ட் டூ டூங்க" என்றேன்.

"கடமானுக்கு?"

"கடமானை நீங்க யோசனைலதானுங்க சுடப் போறீங்க. அதுக்குத் தோட்டாவே வேண்டாமுங்களே. நெசமாச் சுடப் போறது அட்டையத்தான். அட்டைக்குச் சிறுசே போதுமுங்க."

மொதலாளி பைலை மூடிக் கயிறு கட்டினார். "ஏண்டா, இத்தனை நாளு கூடவே இருந்து எல்லாத்தையும் டைப் அடிச்சியே, இதை மொதல்லயே சொன்னா என்ன?"

"நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே மொதலாளி."

யோசித்துப் பார்த்தார். பிறகு, "அட, ஆமா" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். கட்டத்தை நான் நிரப்பினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும், வேலை நிரந்தரமானதை அப்பாவிடம் இரண்டாவதாகத்தான் சொன்னேன். "மொதலாளி எங்கிட்ட யோசனை கேட்டாருங்கப்பா" என்பதுதான் முதலில் வாயில் வந்தது.