மரத்தொட்டியும் ஒரு டப்பா அரப்பும்

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஹயாஷி அம்மா தன் கணவர் பக்கம் திரும்பி, ஜப்பானிய மொழியில் முழுதாக ஒரு நிமிடம் பேசினாரே, என்ன சொல்லியிருப்பார்? ஆறு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. பால் காயும்போது நினைவுக்கு வரும். மகளுக்கு ஜடை பின்னும்போது வரும். வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து, என் எண்ணைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் போனதுண்டு.

நாங்கள் கோயம்புத்தூர் பக்கம். கணவர் ரகு, புனேயில் ஆகுர்டியில் ஒரு கியர் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு ஜப்பான் கம்பெனியோடு கூட்டு உண்டு. அங்கிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்தவர் ஹயாஷி. அந்த வருடம் ஓர் இன்ஜினியரைக் குடும்பத்தோடு இரண்டு வருடம் ஜப்பானுக்கு அனுப்புவதென்று முடிவாகி, பட்டியல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் இரண்டு பேரில் நின்றது. ஒருவர் என் கணவர். இன்னொருவர் குல்கர்னி.

என் கணவர் அதற்கு ஒரு வருடம் முன்பே தயாராகத் தொடங்கிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் போகவர காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஜப்பானிய மொழி கேசட் கேட்பார். சாப்பாட்டுக் குச்சி பிடிப்பதற்கு வீட்டில் வறுத்த கடலையை வைத்துப் பயிற்சி செய்வார். (கட்டிலுக்கு அடியில் உருண்ட கடலையைப் பெருக்கி எடுத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

இந்த நிலையில் ஹயாஷி தம்பதி இரண்டு குடும்பங்களையும் ஒரு சனி, ஞாயிறு தங்களோடு தங்க அழைத்தார்கள். வெளியூரில் இல்லை, புனேயிலேயே ஒரு பெரிய ஹோட்டலில். சனிக்கிழமை மதியம் பெண்களுக்கு ஸ்பா, சாயங்காலம் எல்லோருக்கும் ஜப்பானியச் சாப்பாடு. புனேயில் குடியிருந்துகொண்டு பெட்டி கட்டிப் புனேக்கே சுற்றுலா போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"குடும்பம் அங்க ஒத்துப் போகுமான்னு பாக்கறாங்க. அவ்வளவுதான்" என்றார் கணவர்.

"ஏனுங்க, எண்ணெ தேச்சு விடுவாங்களாமா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப தலைக்கு ஊத்திக்கோணுமே."

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க கண்ணு. நீ சும்மா போ, சும்மா வா. ஒண்ணும் பண்ணாத."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எனக்கு வராத கலை. எங்கள் மகள் அபிக்கு அப்போது பதினோரு மாதம், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சட்டப்படி எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் அரப்புப் போட்டு அலச வேண்டும். அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது. குளிர்ந்தது எதுவும் வாயில் வைக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் எனக்குச் சளி, என்னிடமிருந்து அபிக்குச் சளி, சளியிலிருந்து காய்ச்சல், காய்ச்சலிலிருந்து நான் பகலில் நினைத்துப் பார்க்காத ஏதேதோ. நான் வேதியியல் படித்தவள். இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாதென்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு எவர்சில்வர் டப்பாவில் அரப்பை அமுக்கி நிரப்பிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அரப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மற்ற ஊர்களில் எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் என்றால், எங்கள் பக்கம் அரப்பு. ஒரு மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த பச்சைத் தூள். தண்ணீர் விட்டால் கொழகொழவென்று வரும். எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிடும். ஆனால் தலைமுடிக்குள் புகுந்த தூள் வெளியேற நிறையத் தண்ணீர் வேண்டும். என் முடி அப்போது இடுப்புக்குக் கீழே. (இப்போது அந்தக் கவலை இல்லை.)

சனிக்கிழமை மதியம் அபியைக் கேழ்வரகுக் கூழோடும் நான்கு பக்கக் குறிப்போடும் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்பாவுக்குப் போனேன். குல்கர்னியின் மனைவி ஸ்மிதா புத்திசாலி. "எனக்குக் கால் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மறுக்கத் தெரியாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய். தேய்த்துவிட்ட மேரி என்ற பெண் மெதுவாக "ரிலாக்ஸ், மேடம்" என்பாள். அவள் சொல்லும்போதெல்லாம் என் தோள் இன்னும் ஒரு அங்குலம் காதுக்கு ஏறியது.

அது முடிந்ததும் இருட்டான ஓர் அறை. புல்லாங்குழல் இசை, சாய்வு நாற்காலி, அரை மணி நேரம் தூங்கச் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்த அன்றைக்குப் பகல் தூக்கமா? இன்டர்வியூவுக்கு வந்தவள் போல நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஸ்மிதா நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது குளியல். அங்கே ஹயாஷி அம்மா பருத்தி அங்கியில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சின்ன உருவம், கொஞ்சமாக ஆங்கிலம். மேரி ஹிந்தியில் கடகடவென்று ஏதோ விளக்கினாள். "கரம் பானி" (வெந்நீர்), "தோ கண்டா" (இரண்டு மணி நேரம்) என்று காதில் விழுந்தது. புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது என் பழைய வழக்கம். ஆட்டினேன். யார் முதலில் குளிப்பது என்று எங்களுக்குள் ஒரு சிறு போர் நடந்தது. பெரியவர் இருக்கும்போது நான் போவதா என்று நான் குனிய, விருந்தாளி இருக்கும்போது நான் போவதா என்று அவர் குனிய, ஆளுக்கு நான்கு முறை குனிந்தோம். குனிவதில் அவருக்குப் பழக்கம் அதிகம். நான் தோற்று உள்ளே போனேன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கு முதன்முதலாகப் புரிகிற ஓர் இடம். இடுப்பளவு ஆழமுள்ள மரத்தொட்டி நிறைய ஆவி பறக்கும் வெந்நீர், அதன்மேல் பலகை மூடி. பக்கத்தில் உட்கார ஒரு சின்ன மர முக்காலி, மொண்டு ஊற்ற மரக்கிண்ணம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறையை யாரோ மரத்தில் செய்து வைத்தது போல இருந்தது. சுவரில் ஒரு ஷவரும் இருந்தது. அதில் மூன்று திருகு. முதலாவதைத் திருகினேன், தோளில் ஐஸ் போல விழுந்தது. எண்ணெய்த் தலையில் இது பட்டால் ஜன்னிதான் என்று உடனே மூடிவிட்டேன்.

அந்தத் தொட்டிக்குள் இறங்கி உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மொண்டு ஊற்றுகிற தண்ணீரில் யாராவது போய் உட்காருவார்களா? டப்பாவைத் திறந்தேன். அரப்பைக் கரைத்தேன். முக்காலியில் உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். நல்ல சூடு. முதல் அலசல், இரண்டாவது அலசல், மூன்றாவது. சந்தேகத்துக்கு ஒன்று. காதுக்குப் பின்னால் பிசுபிசுப்பு இருந்ததால் மறுபடி ஒன்று. பிள்ளை பெற்ற பிறகு நான் கதவை மூடிக்கொண்டு அவசரமில்லாமல் குளித்தது அன்றுதான். அந்த இருபது நிமிடம் எனக்கு ஜப்பான் மிகவும் பிடித்திருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நன்றாக இருக்கிறேனா என்று மேரி ஹிந்தியில் விசாரித்தாள். "மேடம், ஆப் டீக் ஹை ந?"

"ஹாங், ஹாங். பஸ் பாஞ்ச் மினிட்." ஐந்தே நிமிடம் என்றேன்.

"மேடம், பானி பாஹர் ஆ ரஹா ஹை."

தண்ணீர் வெளியே வருகிறதாம். குனிந்து பார்த்தேன். தரையின் சாக்கடைச் சல்லடையை அரப்புச் சக்கை மெழுகியது போல அடைத்திருந்தது. கணுக்கால் அளவு பச்சைத் தண்ணீர், எண்ணெய்ப் படலத்தோடு கதவுக்குக் கீழே அமைதியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அங்கியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளியே மேரி. அவளுக்குப் பின்னால் ஹயாஷி அம்மா. வெள்ளைத் துணிச் செருப்பு போட்டிருந்தார். அதன் விளிம்பு பச்சையாகிக்கொண்டிருந்தது.

ஸ்மிதா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அகபாயீ" என்று மராத்தியில் அதிர்ந்தார். பிறகு தொட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, எனக்காக ஹிந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள இல்லை. முதலில் ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டு, பிறகு அதில் உட்கார்ந்து ஊற வேண்டும். ஒரு தொட்டித் தண்ணீர்தான் எல்லோருக்கும். மறுபடி நிரப்பிச் சுடவைக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஹயாஷி அம்மா அதற்காகவே முந்தின நாள் சொல்லி வைத்திருந்தாராம்.

தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் மீதி இருந்தது.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அறைக்குப் போயிருக்கலாம். இரண்டு வருட ஜப்பான், ஒரு வருடக் கேசட், கணவரின் முகம் எல்லாம் கண்முன் ஓடின. ஏதாவது செய்து சரிக்கட்ட வேண்டும். முக்காலியைக் காட்டி ஆங்கிலத்தில், "உட்காருங்கள், நான் உங்கள் தலையை அலசிவிடுகிறேன்" என்றேன். ஹயாஷி அம்மா டப்பாவை எடுத்து மோந்து பார்த்தார். அவர்கள் ஊர்த் தேயிலைத் தூளும் பச்சையாம். தேநீரா என்று கேட்டார். முடிக்கு என்றேன். அவர் முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். மறுக்கத் தெரியாத இரண்டு பேர் ஒரே குளியலறையில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

மீதி அரப்பைப் போட்டு நன்றாகத்தான் தேய்த்தேன். அலசும்போது நெற்றியில் இடது கையை அணை கொடுத்துக்கொண்டு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கண்ணில் இறங்கிவிடும். அபிக்கு அப்படித்தான் செய்வேன். கணவரின் மேலதிகாரியுடைய மனைவியின் நெற்றியில் கை வைப்பது மரியாதையா என்று ஒரு கணம் யோசித்தேன். இடது கை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை ஊற்றிவிட்டது.

அவர் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஏதோ மெல்லச் சொன்னார். ஸ்மிதாதான் ஷவரின் சரியான திருகைத் திறந்தார்.

சாயங்காலம் தாழ்ந்த மேசையைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தோம். அபி பக்கத்தில் பாயிலேயே தூங்கிவிட்டாள். ஹயாஷி அம்மா உள்ளே வந்தபோது கண்கள் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

என் கணவர் என் பக்கம் சாய்ந்து, "அந்தம்மா அழுதாங்களா?" என்றார்.

"இல்லீங்க. அரப்பு."

"என்னது?"

"அரப்புங்க."

கடலையில் ஒரு வருடம் தேறிய கையிலிருந்து குச்சி நழுவியது.

பச்சை மீன் வந்தது. குளிர்ந்த சேமியா போல ஒன்று ஐஸ் மேல் வந்தது. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் எண்ணெய் தேய்த்த அன்றைக்குக் குளிர்ந்ததைத் தொடலாமா? தொட்டால் அபிக்கு ஆபத்து, தொடாவிட்டால் கணவருக்கு. சூடாக வந்த சூப்பை மட்டும் நான்கு கிண்ணம் குடித்தேன். ஒவ்வொரு முறை குனியும்போதும் என் முடியிலிருந்து காய்ந்த அரப்புத் துகள் ஒன்றிரண்டு வெள்ளைத் தட்டில் விழுந்தது. ஸ்மிதா எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பதை ஜப்பானிய மொழியிலேயே சொன்னார். எங்கே கற்றாரோ.

ஹயாஷி தன் மனைவியின் கண்களைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்போதுதான் அந்த ஒரு நிமிடப் பேச்சு. நடுவில் தலைமேல் கிண்ணத்தைக் கவிழ்ப்பது போல ஒரு சைகை. ஹயாஷி என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "ஆ..." என்று நீளமாக இழுத்தார். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வார்த்தைதான் புரிஞ்சுது. பச்சை. தண்ணி."

"நல்ல மாதிரி சொன்னாங்களா, கெட்ட மாதிரியா?"

"கேசட்டுல அதெல்லாம் வரலை" என்றார்.

மூன்று வாரம் கழித்து குல்கர்னிக்கு உத்தரவு வந்தது. என் கணவர் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, "அவன் சீனியர்" என்றார். "என்னாலீங்களா?" என்று கேட்டேன். "ரசம் இருக்குதா?" என்றார். அன்றைக்கே கேசட்டுகளைத் துணிப்பையில் கட்டிப் பரணில் ஏற்றினார். அவர் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அபிக்குச் சளி பிடிக்கவில்லை என்பதையும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

பேசாமல் இருந்ததெல்லாம் ஆறே மாதம்தான். அதற்குள் விஷயம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் துண்டோடு வந்தால், "அவ கடைசியில குளிக்கட்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். என் கொழுந்தன் இன்னும் மோசம். "இருங்க அண்ணி, டேங்க் ரொம்பிருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று மாடிப்படி ஏறுவான். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வராத நாளில் என் கணவர் ஜன்னல் வழியாக, "காரணம் எங்க வீட்லதான் இருக்குது" என்று கீழ் வீட்டுக்காரரிடம் ஹிந்தியில் சொல்கிறார். அபியை ஒன்றாம் வகுப்பில் "என் அம்மா" என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னதற்கு, மூன்றாவது வரியாக இதை எழுதியிருக்கிறாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் ஹயாஷி மறுபடி புனே வந்திருக்கிறார். அடுத்த ஆளை அனுப்பத் தேர்வு நடக்கிறது, இந்த முறை சீனியர் என் கணவர்தான். ஹயாஷி அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சின்னச் சின்ன எழுத்தில் ஆங்கிலம். உங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைத் தூளில் குளிக்க விரும்புகிறேன், இந்த முறை கண்களை மூடிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறார். இது ஆசையா, மரியாதைக்கு எழுதியதா, இல்லை இதுவும் ஒரு பரீட்சையா என்று பதினைந்து முறை படித்தும் பிடிபடவில்லை.

எங்கள் குளியலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். ஒரு வாளி, ஒரு மக், பதினைந்து லிட்டர் கீசர். அவர்கள் ஊறிக் குளிக்கிறவர்கள். வாளியை நீட்டினால் அவமதிப்பாகுமா? கணவர் தொழிற்சாலையிலிருந்து பெரிய நீல டிரம் ஒன்றைக் கழுவிக் கொண்டுவருகிறேன் என்கிறார். மேலதிகாரியின் மனைவியை டிரம்மில் இறக்கலாமா? பக்கத்து வீட்டு சாவந்த் வஹினி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அவர் பேரனுடைய காற்றடிக்கிற பிளாஸ்டிக் தொட்டியைத் தருகிறேன் என்கிறார். அதில் சுற்றிலும் வாத்துப் படம். ஜப்பானியர்களை வீட்டில் வைத்துக் குளிப்பாட்டிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து உடனே எழுதுங்கள். அவர் வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு காலை வருகிறார். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் ஆறிலிருந்து ஏழு வரைதான் வரும்.