திமிசு போட்ட கன்று

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. ஆமாம், சொந்தக் கைதான். எதிர்வீட்டுத் தையல்காரி எழுதச் சொல்லிக்கொடுத்தாள். இனி கடைக்காரரிடம் சொல்லி எழுத வைக்கிற தொல்லை இல்லை. நான் திட்டச் சொன்ன இடத்திலெல்லாம் அந்த மனுஷன் ‘அன்பு’ என்று போட்டு அனுப்பியிருக்கிறார், நீயும் என்னைச் சாது என்று நம்பியிருப்பாய். ‘ழ’ எழுதும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. நான் நலம், முழங்காலைத் தவிர. நீயும் தங்கச்சியும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

சுரங்கத்துக்காரர்கள் நம் தெருவோடு சேர்த்து, உன் அக்காவைப் புதைத்த கொல்லையையும் தோண்டி எடுத்தபோது நீ என்ன சொன்னாய்? “அக்காவுக்கு ஒரு இடம் காட்டு, அப்புறம்தான் உன் வாசலை மிதிப்பேன்” என்றாய். தப்பில்லை. நெருஞ்சி குத்தி நீ அழும்போதெல்லாம் உன்னை இடுப்பில் தூக்கி வந்தவள் அவள். உன் காலுக்காகவே அந்தக் கொல்லையில் ஆயுசுக்கும் நெருஞ்சி பிடுங்கினாள். இப்போது சுரங்கக் குழியை மூடிவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒரே மேடு, திக்கு திசை தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு கன்று நடலாம், செத்தால் இரண்டு தடவை மாற்றித் தருவோம், அதற்குமேல் கேட்காதே என்றார்கள். இங்கே அடுப்படி, இங்கே கிணறு, அப்படியென்றால் இங்கே அவள் என்று குத்துமதிப்பாக ஓர் இடம் பிடித்துப் புங்கங்கன்று நட்டேன்.

நான் கொத்தனார் இல்லையா, அடி கெட்டியாக இல்லாமல் எதுவும் நிற்காது என்பது என் சாஸ்திரம். கன்றைச் சுற்றித் திமிசுக்கட்டையால் இடி இடியென்று இடித்து, படுத்துத் தூங்கலாம் போலத் தரை போட்டேன். மழை பெய்தது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. கன்று போச்சு. மண் பரிசோதிக்கிற அம்மா வந்து கம்பியால் குத்தினாள், கம்பி வளைந்தது. “ஏற்கெனவே லாரி ஓடி இறுகின மண்ணு, நீங்க வேற தளம் போட்டிருக்கீங்களே தாத்தா! வேர் மூச்சு விட வேண்டாமா?” அடுத்த கன்றுக்கு, மண் புளிச்சுக் கிடக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க என்றாள். சுண்ணாம்பை என்கிட்ட சொல்லலாமா? வெள்ளையடிக்கிற பதத்துக்குக் கரைச்சு ஊத்திட்டேன். கன்று வெந்தே போச்சு. “தூவச் சொன்னா பூசிட்டீங்களே!”ன்னு தலையில கை வச்சு உட்கார்ந்துட்டா.

அப்புறம் ஓரமாக இருந்த குவியல்களைக் காட்டினாள். தோண்டும்போது முதலில் வழித்தெடுத்த மேல்மண்ணாம், தெருவாரியாகக் குவித்திருக்கிறார்கள். உயிர் அதில்தான் இருக்கிறதாம். நம்ம தெருக் குவியல் முன்னாடி கூடையோட நின்னேன் மச்சான். மண்வெட்டியைத் தூக்கினா கை இறங்கல. உன் அக்கா மேல பட்டுட்டா? செருப்பைக் கழட்டிட்டுக் கையாலயே அள்ளினேன். “கொஞ்சம் ஒதுங்கிக்கோ, மண்ணு அள்ளணும்”னு சொல்லிச் சொல்லி அள்ளினேன். கடைசிக் கன்றை அந்த மண்ணில்தான் வைத்தேன். இடிக்கல, பூசல, தண்ணி மட்டும் விட்டேன். அதுவும் காய்ஞ்சுடுச்சு. ஏனென்று கேட்டால், “சிலது அப்படித்தான் தாத்தா” என்கிறாள்.

ஊரில் பாதி வீடு கட்டின கை இது. உன் அக்காவுக்கு ஒரு முழம் இடம் கட்ட வரவில்லை. ஆகவே நீ வர வேண்டாம். காட்ட ஒன்றுமில்லை. சொன்ன சொல் சொன்னபடி இருக்கட்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீங்கள் நடுவதாவது வேர் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன் (கையெழுத்தும் நானே)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், காய்ந்த குச்சியைப் பிடுங்கி வரலாம் என்று போனேன். மண்டி போட்டதும் முழங்காலில் சுருக்கென்றது. நெருஞ்சி! கூடை மண் கொட்டின வட்டம் முழுக்க மஞ்சள் பூ, வட்டத்தைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. பழைய மண்ணில் தூங்கிய விதை என்கிறாள் அந்தம்மா. உன் அக்கா கைக்கே தப்பின விதை மச்சான். வர வேண்டாம் என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு. நான் அடித்தால் அசிங்கமாகிவிடும், இவ்வளவு அழகாக வந்திருக்கிறது. உடனே புறப்பட்டு வா, இடம் காட்டுகிறேன். வரும்போது செருப்புப் போட்டுக்கொண்டு வா. தூக்கிக்கொள்ள அவள் இல்லை.